சாலைக்கு அந்தப் பக்கம்

அத்தியாயம் 11

அன்று காலை அந்த வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நால்வர். வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன். அவருடைய அக்காள் பவுனம்மாள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்த மகள் லோகேஸ்வரி. குடியிருப்பாளர் சங்கத் தலைவர் விஜயன். இருக்க வேண்டியிருந்தும் இல்லாதவர்கள் மகன் பிரவினும் மருமகள் விஷ்ணுப்ரியாவும். இனி எந்தக் காலையிலும் இருக்க முடியாதவள் புஷ்பவல்லி.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்தக் குடும்பத்தைப் பற்றி இல்லாததையும் பொல்லாததையும் பேசியவர்களில் பெரும்பாலோர் எதற்கும் உடனிருந்தவர்கள் அல்லர்.

புஷ்பவல்லி போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கிள்ளானிலிருந்து மேரு போகிற பெரிய சாலையில், அவர்கள் குடியிருக்கும் தாமானுக்கு நேர் எதிரே, ஒரு லோரி அடித்துவிட்டது. சாவு வீட்டுக்கு வந்த பத்திரிகைக்காரர் நடந்ததைக் கேட்டபோது ராதாகிருஷ்ணன் நிமிர்ந்து நின்று சொன்னார்: "மகன் கார் கொண்டு வர்றதுக்காக ரோட்டோரமா காத்துகிட்டு நின்னாங்க." மறுநாள் அப்படியே அச்சில் வந்தது.

அது உண்மையல்ல என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். புஷ்பவல்லி தினமும் சக்கரக் கூடையை இழுத்துக்கொண்டு, சாலையைத் தாண்டி, எதிர்ப்பக்கத்துப் பாசாருக்குக் காய்கறி வாங்க நடந்துதான் போவாள். ஆனால் ராதாகிருஷ்ணன் முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கிள்ளானில் பாதிப் பேர் அவரிடம்தான் ஸ்டீயரிங் பிடித்தார்கள். வாசலில் மூன்று கார் நிற்கிற வீட்டின் அம்மா வெயிலில் நடந்தாள் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவருக்கு நா எழவில்லை. நடக்கிற ஆணை இந்த ஊர் வக்கில்லாதவன் என்று நினைக்கும். நடக்கிற வயதான பெண்ணை, பிள்ளைகள் கைவிட்டவள் என்று நினைக்கும்.

மானத்தைக் காக்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

ஓரமாகக் காத்து நின்றவள் எதற்காக நடுச்சாலைக்குப் போனாள்? ஊர் கேட்டது. ஊரே பதிலும் சொல்லிக்கொண்டது. வீட்டில் மருமகளோடு சண்டையாம். மனசு வெறுத்து, லோரி வருவதைப் பார்த்துத்தான் இறங்கினாளாம்.

பதினாறாம் நாள் காரியத்தன்று பந்தியில் விஷ்ணுப்ரியா சோறு பரிமாறினாள். பவுனம்மாள் ஒரு வாய்கூட எடுக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தாள். "செத்தவ மனச நோகடிச்ச கை. இந்தச் சோறு எனக்கு இறங்காது" என்றாள். அன்று மாலையே விஷ்ணுப்ரியா செந்தூலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். பிரவினும் பின்னாலேயே போனான். இருவரும் திரும்பவில்லை. ராதாகிருஷ்ணன் அக்காளையும் கண்டிக்கவில்லை, மருமகளையும் தடுக்கவில்லை. வாயைத் திறந்தால் எந்த வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இனி இன்றைய நாள்.

"அண்ணே, இன்னிக்குப் புதுக் கட்டடத் திட்டத்து விசாரணை. நீங்க வந்தே ஆகணும் லா" என்றார் விஜயன். "அந்தக் காலி நிலத்துக்குப் பக்கத்துல இருக்கிற வீட்டுக்காரங்க மட்டும்தான் ஆட்சேபம் பேச முடியும். வீட்டுப் பத்திரம், அந்த கிராண்ட், உங்க பேர்ல இருக்கு. உங்க மகள் பேசட்டும், ஆனா நீங்க பக்கத்துல உக்காரணும்."

தாமானை ஒட்டிய நிலத்தில் இரண்டு அடுக்குமாடிக் கோபுரங்களும் ஒரு பேரங்காடியும் வரப்போகின்றன. அதற்காகச் சாலையை இன்னும் அகலமாக்கப் போகிறார்கள். நடுத்தடுப்பில் ஆட்கள் நுழைந்து போகிற இடைவெளியை அடைத்துவிடுவார்கள். தாமான்காரர்கள் கால்நடையாகப் போகிற பக்கத்துச் சந்தில் மதில் எழும்பும். எதிர்ப்பக்கம் போக வேண்டுமென்றால், தூரத்தில் பெட்ரோல் நிலையத்தருகே கட்டப்போகிற இரும்புப் பாலத்தின் படியேறி இறங்க வேண்டும்.

பவுனம்மாள் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "நடக்கிறதுக்கு ஒரு மீட்டிங்கா? கார் வாங்க வக்கில்லாதவங்க போய்க் கேக்கட்டும். டிரைவிங் ஸ்கூல்காரர் வீட்டுல இருந்தா போய் நடைபாதை கேக்குறது?"

"அத்தை, நீங்க வெள்ளிக்கிழமை கோயிலுக்கு எப்படிப் போறீங்க?" என்றாள் லோகேஸ்வரி.

"கார் கூப்பிட்டுத்தான்."

"கோயில் எங்க இருக்கு?"

"அதோ, ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"கோபுரம் நம்ம ஜன்னல்ல தெரியுது. நீங்க கார் ஏறி, மேரு பக்கம் போய், யூ டர்ன் அடிச்சு, ஊரச் சுத்தி வந்து சாமி கும்பிடுறீங்க. முருகர்கூட ஒலகத்த ஒரு தடவைதான் சுத்துனாரு."

விஜயன் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். பவுனம்மாளுக்குக் கோபம் வந்தது. "வாயப் பாரு. இப்படியே பேசிப் பேசித்தான் கட்டிக் குடுக்க ஆள் கிடைக்கல."

"போதும்க்கா" என்றார் ராதாகிருஷ்ணன். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு எழுந்தார். "நான் வர்றேன். கையெழுத்துக் கேட்டாலும் போடுறேன். ஒன்னே ஒன்னு. உங்கம்மா பேரு அந்தச் சபையில வரக்கூடாது."

"அப்பா, அம்மா பேரு இல்லாம நான் என்னத்தப் பேசுறது?"

"சிக்னல் லைட்டு கேளு. ரோட்டப் பத்திப் பேசு. செத்தவளச் சந்தியில இழுக்காதே."

லோகேஸ்வரி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "நானும் வர்றேன். எவன் என்ன பேசுறான்னு பாக்கணும்" என்று பவுனம்மாள் சேலையை உதறிக் கட்டினாள். விஜயன் தம் காரில் அவளை முதலில் அழைத்துப் போனார்.

ராதாகிருஷ்ணன்தான் வண்டி ஓட்டினார். தாமான் முகப்பைத் தாண்டியதும், "இங்க ஓரமா நிறுத்துங்கப்பா" என்றாள் மகள்.

"இது நிறுத்துற இடமில்ல."

"தெரியும். நிறுத்துங்க."

சாலையோரப் புல்லில் ஒரு தடம் இருந்தது. கல் பாவாத, யாரும் திட்டம் போட்டு அமைக்காத தடம். கால்கள் பட்டுப்பட்டுப் புல் செத்து, மண் இறுகிப்போய், சாலையின் விளிம்புவரை நேராகப் போயிற்று. வருஷக்கணக்காக இதே இடத்தைக் கடந்து கார் ஓட்டியவர் ராதாகிருஷ்ணன். அந்தத் தடத்தை அவர் பார்த்ததே இல்லை.

"யாரு போட்டது இது?"

"கார் ஓட்டத் தெரியாதவங்க எல்லாரும் சேர்ந்து போட்டது. பாக்டரி ஆளுங்க, ஸ்கூல் பிள்ளைங்க, அம்மா." லோகேஸ்வரி இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

அவர் குளிர்சாதனக் காற்றில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் விளிம்பில் நின்றாள். லோரிகள் கடந்து போகும்போதெல்லாம் அவளுடைய துப்பட்டா முகத்தில் அறைந்தது. ஒரு கார் அவளைப் பார்த்து நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போயிற்று. அதை யார் கற்றுக் கொடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியும். 'ஓரத்துல ஆள் நின்னா ஒரு ஹார்ன் அடி, ஒதுங்கிருவாங்க.' அத்தனை மாணவர்களுக்கும் சொன்ன பாடம் அது.

அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

வேகத்தைக் கண்ணால் அளப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பார்கள். எதிரே வருகிற வண்டி எந்த வேகத்தில் வருகிறது, எங்கே பிரேக் போடும் என்று முன் இருக்கையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார். இப்போது செருப்புக் காலோடு தரையில் நின்றபோது எதுவும் பிடிபடவில்லை. தூரத்தில் இருக்கிறது என்று நினைத்த லோரி, மூச்சு விடுவதற்குள் முகத்துக்கு நேரே புழுதியாகக் கடந்து போயிற்று. அவர் பின்னால் சாய்ந்தார். மகள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வாங்கப்பா. ஓடாதீங்க, ஆனா நிக்காதீங்க."

நடுத்தடுப்புவரை வந்து சேர்ந்தார்கள். இரும்புத் தடுப்பில் ஓர் இடம் பிளந்திருந்தது. ஆள் பக்கவாட்டில் நுழையலாம், கூடை நுழையாது. தடுப்பின் மேல்விளிம்பில் சாயம் உரிந்து, இரும்பு வெளுத்துக் கிடந்தது.

"கூடையத் தூக்கி இந்தப் பக்கம் வைப்பாங்க. தினமும் இதே இடத்துலதான் உரசும்." லோகேஸ்வரி அந்த இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "ஒரு ஞாயித்துக்கிழமை நானும் கூட வந்தேன். முட்டி வலியில அம்மாவால கூடையத் தூக்க முடியல. ரெண்டு தடவை கீழ வெச்சாங்க. 'அப்பாகிட்டச் சொல்லி கார்ல வரலாமே'ன்னேன். 'நான் நடந்து போறதே அவருக்கு ஒரு குறை. நான் போய் வேற கேட்டா, பொண்டாட்டி இத்தனை நாளா நடந்தான்னு அவரே ஒத்துக்க வேண்டியதாயிடும். தெரியாத மாதிரி இருக்காரு, இருந்துட்டுப் போகட்டும்'னாங்க."

ராதாகிருஷ்ணன் எதிர்ப்பக்கம் பார்த்தார். பாசார் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கீரைக்காரி கட்டுகளுக்குத் தண்ணீர் தெளிப்பதுகூடத் தெரிந்தது. காலைகளில் புஷ்பவல்லி வியர்வையில் நனைந்து வந்து தோசைக்கல்லைப் போடுவாள். சமையலறை வெக்கை என்றுதான் அவர் நினைத்திருந்தார். நினைத்திருந்தாரா, நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா? வாகன இரைச்சலில் அந்தக் கேள்வி அவருக்கு மட்டும் கேட்டது.

"முட்டி தேஞ்சவங்க பாலம் ஏற மாட்டாங்கப்பா" என்றாள் மகள். பிரிக்பீல்ட்ஸில் உடற்பயிற்சி சிகிச்சை நிலையத்தில் வேலை செய்பவள் அவள். "என்கிட்ட வர்றவங்க எல்லாம் அதத்தான் சொல்றாங்க. படி ஏறுறதவிட ரோட்டத் தாண்டிச் செத்தாலும் பரவாயில்லங்கிறாங்க. விளையாட்டாத்தான் சொல்றாங்க. ஆனா தாண்டுறாங்க."

"போலாம். நேரமாச்சு" என்றார் அவர்.

விசாரணை மண்டபத்தில் குளிர் அதிகமாக இருந்தது. மேசைக்குப் பின்னால் அதிகாரியாக முக்காடிட்ட ஒரு மலாய்ப் பெண்மணி உட்கார்ந்திருந்தார். புவான் என்றுதான் எல்லோரும் அவரை அழைத்தார்கள். பொறுமையான முகம். தாமான்காரர்கள் பல வரிசைகளில் நிறைந்திருந்தார்கள். பவுனம்மாள் முன்வரிசையிலேயே இடம் பிடித்திருந்தாள். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், பிரவினும் விஷ்ணுப்ரியாவும் இருந்தார்கள். லோகேஸ்வரி வரச்சொல்லியிருக்கிறாள் என்று ராதாகிருஷ்ணனுக்கு அப்போதுதான் புரிந்தது. மருமகள் மெலிந்து போயிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்; மாமனார் என்கிற மரியாதை. அவர் தலையசைத்துவிட்டுக் கடந்து போனார்.

"சார்!" என்று ஒருவன் கையைப் பிடித்தான். கழுத்துப்பட்டை கட்டிய, நாற்பது வயதுக்காரன். "ஞாபகம் இருக்கா? சுகுமாறன். சைடு பார்க்கிங்ல என்னை மூணு தடவ திருப்பி அனுப்பினீங்க."

"நாலாவது தடவ சரியாப் போட்டே."

"உங்க புண்ணியம் சார். இப்ப டிராபிக் கன்சல்டன்ட். இந்தப் புரோஜெக்ட்டுக்கு நான்தான்." அவன் குரலைத் தாழ்த்தினான். "அம்மா விஷயம் பேப்பர்ல பாத்தேன் சார். ரொம்ப வருத்தமா இருந்துச்சு." பொய்யில்லாத வருத்தம்தான். சொல்லிவிட்டு, கோபுரம் கட்டப்போகிற நிறுவனத்தார் பக்கம் போய் உட்கார்ந்தான்.

விசாரணை மலாயில் நடந்தது. சுகுமாறன் திரையில் படங்களைக் காட்டினான். புதிய சாலையில் காலையில் எத்தனை கார் வரும், மாலையில் எத்தனை கார் வரும், எந்தச் சந்திப்பில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது.

லோகேஸ்வரி எழுந்தாள். "எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று எண்ணினீர்களா?" என்று கேட்டாள்.

சுகுமாறன் நிறுவனத்தாரைப் பார்த்தான். அவர்கள் கோப்பைப் பார்த்தார்கள்.

"நாங்கள் கோபுரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை" என்றாள் அவள். "அங்கே குடிவருகிறவர்களுக்கும் கால் இருக்கும். அவர்கள் பிள்ளைகளும் பள்ளிக்குப் போவார்கள். சாலையைத் தாண்ட, தரைமட்டத்தில் விளக்கு வைத்து ஒரு கடவை போடுங்கள். மதிலில் ஆள் போக ஒரு வாசல் விடுங்கள். ரயில் நிலையத்துக்குப் போகிற பஸ் நிற்குமிடம்வரை நிழலோடு ஒரு நடைபாதை வேண்டும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகிற அகலத்தில் வேண்டும். அதில் மோட்டார்சைக்கிள் நிறுத்த விடக் கூடாது. பாலம் கட்டுவது நடப்பவர்களுக்காக அல்ல. கார் நிற்காமல் போவதற்காக."

பின்னால் சிலர் கைதட்டினார்கள். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டார்: "இந்த இடத்தில் சாலையைக் கடக்கும்போது யாராவது அடிபட்டதுண்டா? அப்படி நடந்திருந்தால் கடவைக்கு நான் அழுத்தமாகப் பரிந்துரை செய்யலாம்."

லோகேஸ்வரி தந்தையைப் பார்த்தாள். ராதாகிருஷ்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்டு" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. வாக்குக் கொடுக்காவிட்டாலும் காப்பாற்றினாள்.

சுகுமாறன் மெல்ல எழுந்தான். "மன்னிக்க வேண்டும், புவான். சென்ற மாதம் அங்கே ஒரு துயரம் நடந்தது. எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த அம்மா சாலையைக் கடக்கவில்லை. கார் வரக் காத்து நின்றதாகக் குடும்பத்தாரே சொல்லியிருக்கிறார்கள். பத்திரிகையில் வந்தது. அதனால் அது கடவை சம்பந்தப்பட்டதல்ல. அதை மனதில் வைத்து, கார் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொள்ள ஓர் ஒதுக்கிடம் எங்கள் திட்டத்தில் சேர்த்திருக்கிறோம்."

திரையில் அந்தப் படம் வந்தது. புல் தடம் இருந்த இடத்தில், கார்கள் ஒதுங்கி நிற்க ஒரு வளைவு. நல்ல வழுவழுப்பான வளைவு. ராதாகிருஷ்ணனுடைய மனைவியின் பெயரால், இன்னும் கொஞ்சம் கார்களுக்கு இடம்.

நடுவரிசையிலிருந்து ஒரு குரல் தமிழில் சொன்னது. பக்கத்திலிருப்பவனுக்குச் சொன்னதுதான். எல்லோருக்கும் கேட்டது.

"காத்துகிட்டு நின்னவங்க ஏன் நடுரோட்டுக்குப் போனாங்க? எல்லாம் மருமக பண்ணின வேலை. தானாப் போய் விழுந்தவங்களுக்கு லைட்டு வெச்சு என்ன பண்றது?"

விஷ்ணுப்ரியா எழுந்தாள். கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். அழவில்லை. யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பிரவின் எழுந்தான், போகவில்லை. நின்றபடி தகப்பனாரையே பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பார்வை.

ராதாகிருஷ்ணன் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

விஜயன் அவர் சட்டை நுனியைப் பிடித்தார். "அண்ணே, வேணாம் லா. குடும்ப விஷயம்."

"உக்காரு தம்பி" என்று பவுனம்மாள் பல்லைக் கடித்தாள். "நம்ம மானத்த நீயே சபையில விக்காத. அப்பா பேரு ஒன்னு இருக்கு நமக்கு."

அவர் அக்காளைப் பார்த்தார். சிறு வயதிலிருந்து அவள் சொல்லை அவர் தட்டியதில்லை. இலையை மூடியபோதும் தட்டவில்லை.

"பாக்சிக், நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று அதிகாரி பெரியவரை அழைக்கும் முறையில் கேட்டார்.

"சொல்ல வேண்டும்."

அவர் நிமிர்ந்து நின்றார். சாவு வீட்டில் நின்றதுபோலவே நின்றார். முதலில் அதிகாரிக்காக மலாயில் சொன்னார். நாலே வாக்கியம். அதிகாரியின் பேனா நின்றது. சுகுமாறன் திரையை அணைத்தான்.

பிறகு தாமான்காரர்கள் பக்கம் திரும்பினார். கடைசி வரிசையில் பிரவின் நின்ற இடத்தையும், அதற்கப்பால் சாத்தியிருந்த கதவையும் பார்த்தார். அந்தக் கதவுக்கு வெளியே மருமகள் நிற்கிறாளா, படியிறங்கிப் போய்விட்டாளா என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக, வகுப்பில் பேசுகிற குரலில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"என் வீட்டுக்காரி கார் வரக் காத்துகிட்டு நிக்கல. அத நான்தான் சொன்னேன், அது பொய். மருமகளோட சண்டை எதுவும் கிடையாது. புஷ்பவல்லி சாகப் போகல. பாசாருக்கு நடந்து போனா. தினமும் நடந்துதான் போனா. அவளுக்காக எந்தக் காரும் வரல."